கூலண்ட் மாற்றலாம் தம்பி, ஆனால் அது எங்கே போகிறது?

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் எடுத்த யமஹா ஏரோக்ஸ் 155 ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். தினமும் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு வேலைக்குப் போகிறார். போன வாரம் ஏற்றத்தில் என்ஜின் சூட்டை எச்சரிக்கும் விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம், நிற்கிற ரிசர்வ் டாங்கியைப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பீலித் தண்ணி (மலை ஊற்றுத் தண்ணி) ஊற்றித்தான் ஓட்டி வந்தாராம். இப்போது அவருடைய கேள்வி: "கூலண்டை வீட்டிலேயே மாற்றலாமா? பெற்றோல் ஷெட்டில் பச்சையாக விற்கிறார்களே, அது போதுமா? இந்தக் குளிருக்குக் கூலண்ட் தேவைதானா? எங்கள் தாத்தா லொறிக்கு வெறும் தண்ணிதானே ஊற்றினார்?"

மாற்றலாம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் ஒரு காலைப்பொழுது வேலை, அதிலும் பாதி நேரம் காத்திருப்பதுதான். ஆனால் உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது வேறு. பெற்றோல் எரிந்து தீரும், என்ஜின் ஒயிலும் கொஞ்சம் குறையும், கூலண்ட் அப்படித் தீர்ந்துபோகிற சாமான் இல்லை. அது மூடிய வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. வருடத்தில் ஒரு விரற்கடை இறங்கினால் பரவாயில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டி வந்தால் எங்கேயோ வழி இருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் புதுக் கூலண்ட் ஊற்றினால் அதுவும் அதே வழியாகப் போய்விடும், காசும் கூடவே போகும்.

எங்கே போகும்? நான் முதலில் சந்தேகப்படுவது ரேடியேட்டர் மூடியை. பார்த்தால் சாதாரண மூடி. உள்ளே இரண்டு வால்வு இருக்கிறது. சூடு ஏறி அழுத்தம் கூடும்போது ஒன்று திறந்து, மிஞ்சியதை ரிசர்வ் டாங்கிக்கு அனுப்பும். ஆறும்போது மற்றது திறந்து அதையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இதன் ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது, கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டால் இன்னும் மோசம். டாங்கியில் அளவு சரியாகத் தெரியும், ரேடியேட்டர் உள்ளே பாதி காலியாக இருக்கும். டாங்கியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு "கூலண்ட் இருக்குதானே" என்று ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்பது போல் ஒரு எண் பொறித்திருக்கும், எவ்வளவு அழுத்தம் வரை மூடி பிடித்துவைக்கும் என்பதுதான் அது. மாற்றும்போது அதே எண் உள்ளதை வாங்குங்கள். எண் கூடியதைப் போட்டால் நல்லது என்று நினைத்து ஹோஸை வெடிக்க வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது ஹோஸ் கிளிப் மாட்டியிருக்கும் இடங்கள். ஈரம் தெரியாவிட்டாலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போல ஒரு படிவு இருந்தால், அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கடுத்து வாட்டர் பம்ப். பம்பின் அடியில் ஒரு சிறு துளை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். உள்ளே சீல் போனால் கூலண்ட் என்ஜின் ஒயிலோடு கலக்காமல் அந்தத் துளை வழியாக வெளியே சொட்டட்டும் என்பதுதான் ஏற்பாடு. சொட்டுகிறதே என்று சிலர் அந்தத் துளையைப் பசை வைத்து அடைப்பார்கள். என்ஜினைக் கொல்ல அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

கடைசிச் சந்தேகம் ஹெட் கேஸ்கட், சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. சைலன்சரில் வெள்ளைப் புகை, இனிப்பு வாசனை, ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி கலங்கல் என்று அடையாளம் சொல்வார்கள். ஆனால் நம்ம பக்கத்தில் ஒரு சிக்கல். நுவரெலியாக் குளிரில் காலையில் எந்த வண்டியை எடுத்தாலும் சைலன்சரில் வெள்ளையாக ஆவி வரும். அது நல்ல வண்டிக்கும் வருவதுதான். என்ஜின் சூடேறி ஐந்தாறு மைல் ஓடிய பிறகும் நிற்காமல் வந்தால், வாசனையும் இனிப்பாக இருந்தால், அப்போது பயப்படுங்கள். அது வீட்டு வேலை இல்லை, கராஜுக்குத்தான் போக வேண்டும்.

இனித் தாத்தாவின் லொறி. அந்தக் கால லொறிகளின் என்ஜின் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. துரு பிடித்தாலும் தாங்கும், ரேடியேட்டரும் அண்டா மாதிரி பெரிது. அப்படியும் கொதிக்காமல் இருந்ததா? சின்ன வயதில் இறம்பொடை ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்கி நிற்கும். கண்டக்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரப் பீலிக்கு ஓடுவார், நாங்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்ப்போம். வெறும் தண்ணியின் கதை அதுதான். இன்றைய ஸ்கூட்டர் என்ஜின் அலுமினியம், ரேடியேட்டர் ஒரு கொப்பி அளவு, மொத்தமாகச் சுற்றுவது அரை லீற்றருக்கும் கொஞ்சம் குறைவு. அதில் உப்புப் படிந்து ஒரு மெல்லிய குழாய் அடைத்தாலே போதும். பீலித் தண்ணி குடிக்க அமிர்தம், அதைப் பற்றி ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் அலுமினியத்தைக் காக்கிற மருந்து எதுவும் இல்லை. நீங்கள் ஊற்ற ஊற்ற, கூலண்டில் இருந்த மருந்தும் நீர்த்துப் போயிருக்கும்.

குளிருக்குக் கூலண்ட் எதற்கு என்று கேட்டது நியாயமான கேள்வி. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி விழும், தேயிலைக் கொழுந்து கருகும். ஆனால் வண்டிக்குள் இருக்கும் தண்ணி உறைகிற அளவுக்கு அந்தக் குளிர் போவதில்லை. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் பூச்சியத்துக்குக் கீழே 35 பாகை வரை உறையாது என்பதெல்லாம் நமக்குத் தேவையில்லாத வசதி. நமக்கு வேண்டியது மறுபக்கம், கொதிக்காமல் இருப்பது. உயரம் கூடக் கூடத் தண்ணி சீக்கிரம் கொதிக்கும், சுமார் 300 மீற்றருக்கு ஒரு பாகை. கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணி, 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மலைநாட்டில் பருப்பு வேக நேரம் எடுப்பதும் இதனால்தான். வண்டிக்குள் மூடி 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் அதே தண்ணி நுவரெலியாவிலும் 118 பாகை வரை தாங்கும். கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் ஏழெட்டுப் பாகை கூட. ஆக, ரப்பர் போன மூடியும் வெறும் தண்ணியுமாக நீங்கள் ஏறினால், 120 பாகைக்கு மேல் தாங்க வேண்டிய வண்டி 94இலேயே கொதிக்கும். மூடியை முதலில் சொன்னதன் காரணம் இப்போது புரியும்.

அதோடு ஏற்றம். இரண்டு பேர், முழு எக்ஸலேட்டர், வேகமோ மணிக்கு 30 கிலோமீற்றர். என்ஜின் உச்சத்தில் உழைக்கிறது, காற்றோ குறைவு. ஏரோக்ஸ், என்மேக்ஸ், ஹொண்டா பி.சி.எக்ஸ் போன்றவற்றில் ரேடியேட்டர் முன்னால் இல்லை, என்ஜினின் வலப்பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள விசிறி மின்சாரத்தில் ஓடுவதில்லை, என்ஜினின் சுழல்தண்டான கிராங்கோடு சேர்ந்தே சுற்றுகிறது. மழைக்காலத்தில் பின்சில்லும் முன்சில்லும் அடிக்கிற சேறு நேராக அங்கேதான் போய் அப்பும். உங்கள் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு, கூலண்டைத் தொடும் முன் வலப்பக்கப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி ரேடியேட்டரின் இடுக்குகளைப் பாருங்கள். காய்ந்த சேறும் இலைத்தூளும் இருந்தால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சவக்காரத் தண்ணியும் போதும். சேவிஸ் ஸ்டேஷன் தண்ணித் துப்பாக்கியை நெருக்கத்தில் அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடிந்துவிடும், பிறகு காற்றே போகாது.

(இடையில் ஒன்று: ஹொண்டா டியோ, டி.வி.எஸ் என்டோர்க் 125 வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ரேடியேட்டரைத் தேட வேண்டாம். அவை காற்றால் குளிர்பவை, கூலண்டே கிடையாது. ஒருவர் டியோவில் கியர் ஒயில் போல்ட்டைக் கழற்றிவிட்டு "கூலண்ட் கறுப்பாக வருகிறது" என்று போன் எடுத்தார்.)

எதை வாங்குவது? நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பனிக்காரர் போடுகிற சாயம், உள்ளே என்ன என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போத்தலின் பின்பக்கம் எத்திலீன் கிளைக்கோல் என்றும் அலுமினிய என்ஜினுக்கு ஏற்றது என்றும் இருக்க வேண்டும். சிலிக்கேட் இல்லாதது என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சிலிக்கேட் வாட்டர் பம்ப் சீலை அரிக்கும். பச்சையாக ஏதோ ஒரு தண்ணியைப் பெரிய கேனில் மலிவாக விற்பதும் உண்டு. எழுத்தே இல்லாத கேன் என்றால் வேண்டாம்.

நேரே ஊற்றக்கூடிய கலவையா, தண்ணி சேர்க்க வேண்டிய கெட்டிச் சரக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கலவையில் தண்ணி சேர்க்கக் கூடாது. கெட்டியானது என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில் வாட்டர். பெற்றரிக் கடையில் கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள், அங்கே அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கும். "கெட்டியாகவே ஊற்றினால் இன்னும் குளிருமே" என்பது தப்புக் கணக்கு. சூட்டைச் சுமப்பதில் தண்ணிதான் கெட்டிக்காரன், கிளைக்கோல் கூடினால் சூடு குறையாது, கூடும். நேரே ஊற்றும் கலவையில் ஒரு லீற்றர் வாங்கினால் உங்கள் வண்டிக்குப் போதும். ரிசர்வ் டாங்கிக்கு நூற்றுச் சொச்சம் மில்லிலீற்றர் போக மிஞ்சுவதற்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

வேலைக்கு நாள் குறியுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. முதல் நாள் இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பது என்ன என்று என் இடது முன்கைக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு முன், ஏற்றத்தில் நின்ற ஒரு வண்டி, பின்னால் வரிசையாக வாகனங்கள், அவசரம். ஒரு துணியைப் போட்டுத் திருகினேன். அழுத்தம் விட்ட அந்த நொடியில் உள்ளே இருந்தது அத்தனையும் கொதித்துச் சீறி வந்தது. அப்படி யாருக்காவது பட்டால் ஓடுகிற பச்சைத் தண்ணியில் இருபது நிமிடம் பிடியுங்கள், பிறகு ஆஸ்பத்திரி. எனக்கு ஒரு நல்ல மனிதர் பற்பசை பூசினார், டொக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போதுதான் உண்மையில் அழுதேன்.

சமதரை வேண்டும். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் அது கிடைப்பது அபூர்வம், இஸ்தோப்பு (திண்ணை) சீமெந்து சமமாக இருந்தால் அங்கேயே ஏற்றி டபுள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றும்போது எந்த ஸ்குரூ எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம். கீழே ஒரு பேசின். இறக்கும் போல்ட் மாடலுக்கு மாடல் வேறு இடத்தில் இருக்கும், ரேடியேட்டரின் அடியிலோ பம்ப் பக்கமோ. கையேட்டில் படம் இருக்கும். பக்கத்தில் ஒயில் போல்ட்டும் கியர் ஒயில் போல்ட்டும் உண்டு, சந்தேகம் என்றால் கழற்றாதீர்கள். கூலண்ட் போல்ட் பெரும்பாலும் சின்னது. சில வண்டிகளில் போல்ட்டே இல்லை, கீழ் ஹோஸைக் கழற்றித்தான் இறக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை மூடியபடியே போல்ட்டைக் கழற்றுங்கள். முதலில் கொஞ்சம்தான் வடியும். பேசினைச் சரியாக வைத்துக்கொண்டு பிறகு மூடியைத் திறந்தால் ஒரேயடியாகக் கொட்டும். முதலிலேயே திறந்துவைத்தால் அந்த முதல் பாய்ச்சல் உங்கள் சட்டையில்தான். ரிசர்வ் டாங்கியின் ஹோஸையும் கழற்றி அடியில் தங்கியிருப்பதை ஊற்றிவிடுங்கள். பலர் மறப்பது இதை. பழைய அழுக்கு முழுக்க அங்கேதான் படிந்திருக்கும்.

வந்ததைப் பாருங்கள். நிறம் மங்கலாக, ஆனால் தெளிவாக இருந்தால் பிரச்சினை இல்லை. மண் நிறத்தில் கலங்கி வந்தால் உள்ளே அரிப்பு. மேலே ஒயில் மிதந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு கராஜ் பாஸிடம் காட்டுங்கள்.

நீங்கள் பீலித் தண்ணி ஊற்றி ஓட்டியதால் கழுவுவது கட்டாயம். போல்ட்டை லேசாகப் பூட்டி, டிஸ்டில் வாட்டர் நிரப்பி, மூடியை மூடி, ஹோஸ் சூடாகும் வரை ஓடவிட்டு, நிறுத்தி, ஆறவிட்டு இறக்குங்கள். தெளிவாக வரும் வரை இரண்டு மூன்று தடவை. ஆறவிடும் நேரத்தில் தேத்தண்ணி குடிக்கலாம், அவசரப்பட வேண்டாம். இங்கே ஒரு நுணுக்கம். எவ்வளவு இறக்கினாலும் என்ஜின் மடிப்புகளில் கொஞ்சம் தண்ணி தங்கும். அதன்மேல் கலவையை ஊற்றினால் பாதிக்குப் பாதி என்பது குறைந்துவிடும். அதனால் கடைசிக் கழுவலை மட்டும் கூலண்ட் கலவையாலேயே செய்யுங்கள். மிஞ்சும் என்று சொன்னேனே, அது இதற்குத்தான். போல்ட்டைத் திறந்துவைத்து, 300 மில்லிலீற்றர் அளவு மேலே ஊற்றிக் கீழே வடியவிட்டால் தங்கிய தண்ணியைத் தள்ளிக்கொண்டு போகும்.

போல்ட்டுக்குப் புது வாஷர், ஓ-ரிங் உள்ள வகை என்றால் புது ஓ-ரிங். அலுமினியத்தில் மரை போகும் சின்ன போல்ட் அது. ஸ்பேனரை நுனியில் பிடித்து முழுப் பலத்தில் இறுக்காமல், கிட்டப் பிடித்து மணிக்கட்டால் இறுக்குங்கள். மரை போனால் உங்கள் மலிவான வேலை விலை கூடிய வேலையாகிவிடும்.

நிரப்புவதில்தான் பொறுமை. மெல்லிய நூலாக ஊற்றுங்கள். ஹோஸை விரலால் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழி மேலே வரும். வண்டியை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டுங்கள். வாய் வரை நிரம்பியதும் மூடாமலே ஸ்டார்ட் பண்ணி மூன்று நான்கு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள், இடையில் மூன்று நான்கு தடவை எக்ஸலேட்டரை லேசாக முறுக்குங்கள். பின்சில்லு சுற்றும், பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம். குமிழி வர வர மட்டம் இறங்கும், நிரப்பிக்கொண்டே இருங்கள். பொங்கி வழியத் தொடங்கும் வரை காத்திருக்காமல் மூடிவிடுங்கள். குமிழி நிற்காமல் பொலபொலவென்று வந்துகொண்டே இருந்தால் அது அடைபட்ட காற்று இல்லை, சிலிண்டர் வாயு. மேலே சொன்ன ஹெட் கேஸ்கட் அதுதான்.

ரிசர்வ் டாங்கியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஊற்றுங்கள். பிறகு லிந்துலை வரை ஒரு ஓட்டம். திரும்பி வந்து ஹோஸ்களையும் போல்ட்டையும் தடவிப் பாருங்கள். மறுநாள் காலையில், குளிர்ந்த வண்டியில், மூடியைத் திறந்து ரேடியேட்டருக்குள் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள். இந்த மறுநாள் பார்வையைத் தவறவிட்டதால்தான் பலருக்குக் கூலண்ட் மாற்றிய வாரத்திலேயே விளக்கு எரிகிறது.

சூடாகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டை, அதாவது என்ஜின் சூடேறும் வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கிற வால்வை, கழற்றி எறியச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது என்ஜினுக்கு வேலையே இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் வண்டி பாதி வழி குளிர்ந்தே ஓடும், பெற்றோலும் கூடக் குடிக்கும், ஒயிலில் ஈரமும் சேரும்.

இறக்கிய பழைய கூலண்டைக் கானில் (வடிகாலில்) ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கோல் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு, சிறுநீரகத்தைத் தாக்கும். நாய் நக்கும், ஆடு குடிக்கும், குழந்தை சர்பத் என்று நினைக்கும். யாராவது குடித்துவிட்டால் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், போத்தலையும் கையோடு. உங்கள் கான் ஓடைக்குப் போகிறது, ஓடை கொத்மலை ஓயாவுக்கு, அது மகாவலிக்கு. வழியெல்லாம் அந்தத் தண்ணியை எடுக்கிற சனம் இருக்கிறது. மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே "நஞ்சு" என்று எழுதி, கழிவு ஒயில் சேர்க்கிற கராஜில் கேட்டுக் கொடுங்கள், ஒயிலோடு கலக்காமல். குளிர்பானப் போத்தலில் மட்டும் ஊற்றிவைக்காதீர்கள்.

இனி ஏற்றத்தில் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். ஆறும் வரை நில்லுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் ரிசர்வ் டாங்கியை மட்டும் பாருங்கள். வேறு வழியே இல்லாமல் பீலித் தண்ணி ஊற்றி வீடு வந்து சேர்ந்தால் குற்றமில்லை, ஆனால் அந்த வாரத்துக்குள் இறக்கி மாற்றிவிடுங்கள். அப்படி எதுவும் நடக்காவிட்டால் கையேடு சொல்கிற இரண்டு மூன்று வருடம் வரை இதைத் தொட வேண்டியதில்லை.

உங்கள் வண்டிக்கு என் வரிசை இது: முதலில் புது மூடியும் ரேடியேட்டர் சுத்தமும், அதோடு சேர்த்துக் கூலண்ட். முடிந்ததும் ரிசர்வ் டாங்கியின் வெளியே, குளிர்ந்த வண்டியில் மட்டம் நிற்கிற இடத்தில், மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு வாரம் வழக்கம்போல ஓடிவிட்டு, ஒரு காலையில் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். இறங்கியிருந்தால் பம்பின் அடியில் அந்தத் துளையையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், அடுத்தது அதைத்தான் பார்க்க வேண்டும்.